மேசையை விட்டு எழும்பிய நடுவர்

செலீன் ரீச்சர் பத்துக்கு ஏழுக்கு மேல் எவருக்கும் புள்ளி போட்டதில்லை என்பது எங்கள் தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கிறிஸ்மஸ் ஒளிவிழாப் பேச்சுப்போட்டியில் அவர் நடுவராக இருந்த இருபது வருடங்களில் ஏழு வாங்கிய பிள்ளைகள் இரண்டே இரண்டு பேர். ஒருத்தி இப்போது பல் வைத்தியர். மற்றவன் ஒட்டாவாவில் அரசாங்க வேலையில் இருக்கிறான். அவர்களுடைய பல்கலைக்கழகப் பட்டங்களைப் பற்றி நாம் கேட்டால்தான் தாய்மார் சொல்வார்கள். அந்த ஏழு புள்ளிகளைப் பற்றி நாம் கேட்கவே தேவையில்லை.

மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். ஆங்கிலம் தெரிந்தவர் கனடாவில் எங்கும் பிழைக்கலாம் என்று சொல்லி அனுப்பியவர்கள் மொன்றியல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை போலும். பிரெஞ்சு இல்லாமல் இங்கே வகுப்பறைக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியசாலைக்குள் கால் வைத்தார். இருபத்தாறு வருடமாக அங்கேதான் வேலை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பொருட்கள் பெட்டி பெட்டியாக வந்து சேரும். பாண் வாட்டும் மெஷின், தலைமுடி உலர்த்தி, ஒரு காலில்லாத மேசை விளக்கு. அவற்றைப் பிரித்துப் பார்த்து, திரும்ப விற்கலாமா அல்லது குப்பைக்கா என்று சொல்லவேண்டும். ஒரு பொருளுக்கு நான்கு நிமிடம். ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டதாக அவர் என்றைக்கும் நினைத்ததில்லை. மாணவர்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பார்.

வேலைக்குப் போக ஐம்பது நிமிடம், திரும்பி வர ஐம்பது நிமிடம் பஸ். ஒருமுறை நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களுக்குள் ஒரே தொகுப்பின் பதினொரு வருடத்துப் பிரதிகள் அடுக்காகக் கிடந்தன. ‘ஆண்டின் இருபது’ என்று பெயர். வட அமெரிக்கப் பத்திரிகைகளில் அந்த வருடம் வந்த சிறுகதைகளில் இருபதைத் தேர்ந்து, அமெரிக்கக் கதைகள் என்று அட்டையில் போட்டு விற்பார்கள். கனடாக்காரரையும் சேர்ப்பார்கள், அட்டையில் சொல்லமாட்டார்கள். செலீன் ரீச்சர் பதினொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு குளிர்காலமும் ஒரு கோடைகாலமும் பஸ்ஸில் இருந்தபடியே இருநூற்றிருபது கதைகளையும் வாசித்து முடித்தார்.

வாசித்தவர் வாசித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் எண்ணியும் வைத்திருந்தார். இருநூற்றிருபதில் அறுபத்தொரு கதைகள் யாரோ ஒருவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்ப்பதோடு முடிகின்றன. முப்பத்தெட்டு கதைகள் ஆறு, ஏரி, கடல் முன்னால் முடிகின்றன. ஒன்பது கதைகளில் ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்தபடியால் இரண்டு பக்கத்திலும் எண்ணவேண்டியதாயிற்று. இந்தக் கணக்கை ஒரு கடிதமாக எழுதி, ‘இதை முறைப்பாடாக எடுக்கவேண்டாம், தகவலாக எடுக்கவும்’ என்ற கடைசி வரியோடு தொகுப்பாசிரியைக்கு அனுப்பினார்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. தொகுப்பாசிரியையின் பெயர் டயான். ஒவ்வொரு வருடமும் மூன்று நடுவர்கள், இருவர் எழுத்தாளர்கள், மூன்றாமவர் எழுதாத வாசகராக இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி, எழுதாதவர்களைக் கண்டுபிடிப்பது அமெரிக்காவில் வரவரச் சிரமமாகிறது, நீங்கள் வரமுடியுமா என்று கேட்டிருந்தார்.

செலீன் ரீச்சரின் கணவர் அருமைநாதன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை செய்பவர். கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இஞ்சேரும், அமெரிக்காவிலை ஆளில்லையே?”

“ஆள் இருக்கு. எண்ணிப் பாக்கிற ஆள்தான் இல்லை.”

“பத்துக்கு எத்தனை போடுவீர் எண்டு தெரிஞ்சே கூப்பிடுகினம்?”

“தெரியாது. கேக்கவுமில்லை.”

“பாவங்கள்,” என்றார் அருமைநாதன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. புத்தகம் வெளிவரும்வரை வெளியில் சொல்லக்கூடாது. எங்கள் பங்கில் ஒரு ரகசியத்தின் ஆயுள் சுமார் ஒரு பூசை. ஆனால் இது பத்து மாதம் தாங்கியது. செலீன் ரீச்சர் கணவருக்கு மட்டும் சொன்னார். அருமைநாதனுக்கு அதில் மற்றவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

டிசம்பரில் நாற்பது கதைகள் வந்தன. எழுதியவர் பெயர் நீக்கி, இலக்கம் மட்டும் போட்டவை. கணினியில் வாசிக்கமாட்டேன், தாளில் அனுப்புங்கள் என்று கேட்டதால் பெட்டியில் வந்தன. களஞ்சியசாலைப் பழக்கத்தில் பெட்டியின் மூலைகள் நசிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் திறந்தார். முறை எளிது. ஒரு கதையை இரண்டு தரம் வாசிப்பது. முதல் தரம் பஸ்ஸில், இரண்டாம் தரம் சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு. இரண்டாம் வாசிப்பின் முடிவில் பத்துக்கு ஒரு எண். காரணம் ஒரு வரி.

அருமைநாதனும் சில நாள் ஒரு கதையை எடுத்துப் புரட்டுவார்.

“எல்லாருக்கும் விவாகரத்து. ஒருத்தராவது மரக்கறி வாங்கப் போகேல்லையே?”

“பதினெட்டிலை ஒருத்தன் தக்காளி வாங்குறான்.”

“பேந்து?”

“பேந்தென்ன. வாங்கிக்கொண்டுவந்து ஜன்னலடியிலை நிக்கிறான்.”

முப்பத்தோராம் இலக்கக் கதையை ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் பிரித்தார். முதல் பக்கத்தில் பனி. அது எல்லாக் கதையிலும் உண்டு. இரண்டாம் வரியில் மொன்றியல். அது குறைவு. நான்காம் வரியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று, தங்களுக்குப் பாதிதான் விளங்கும் ஒரு மொழியில் மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் நடுவர் மேசை வந்தது. நடுவில் இருந்த பெண்ணின் கையில் எலுமிச்சம்பழ வடிவத்தில், வைத்த நேரம் முடிந்ததும் அடிக்கும் ஒரு சமையலறை மணி இருந்தது.

அந்த மணி செலீன் ரீச்சரின் குசினியில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்றைக்கு அவர் புவாண்ட்-கிளேரில் இறங்க மறந்து இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கி, பனிக்குள் நடந்து திரும்பி வந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பிந்தி வந்தவரை மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

நடந்தது என்னவென்றால் இது. பதினொரு வருடத்துக்கு முந்திய ஒளிவிழா. செலீன் ரீச்சரின் தங்கை மெற்றில்டாவின் மகள் லக்சனாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தமிழ் எங்கள் மூச்சு என்ற தலைப்பில் பேசினாள். வீட்டில் பிரெஞ்சில் மூச்சு விடுகிற பிள்ளைக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்தவர்களை இங்கே விட்டுவிடுவோம். பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். நடுவில் ஒரு வரி மறந்தது. நின்றாள். மற்றப் பிள்ளைகளைப் போல அழவில்லை, தாயைப் பார்க்கவில்லை. மறந்த வரியை விட்டுவிட்டுத் தானாகவே ஒரு வரி சொல்லி அங்கிருந்து தொடர்ந்தாள். மூன்று நிமிடம் போய் மணி அடித்தது. அதன் பிறகும் பேசி முடித்துவிட்டே இறங்கினாள்.

நேரம் தாண்டினால் ஒரு புள்ளி குறைக்கலாம் என்பது விதி. செலீன் ரீச்சர் மூன்று குறைத்தார். பெரியம்மா நடுவராக இருந்தபடியால்தான் பிள்ளை வென்றது என்று எவரும் சொல்லிவிடக்கூடாது என்பது அவருக்கு அந்த நேரத்தில் நீதியாகப் பட்டது. லக்சனா நான்காவதாக வந்தாள். மூன்றாவதற்கும் அவளுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம். விழா முடிந்ததும் பலர் வந்து, சொந்தப் பெறாமகள் என்றும் பாராமல் போட்டீர்களே என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குலுக்கல் கூடக்கூட, தான் செய்தது களவு என்று அவருக்கு விளங்கத் தொடங்கியது. சொந்தத்துக்குக் கூட்டிப் போடுவது ஒரு களவு. அந்தப் பெயர் வரக்கூடாதென்று குறைத்துப் போடுவது இன்னொரு களவு. இரண்டாவதற்குப் பாராட்டு வேறு கிடைக்கிறது.

மெற்றில்டா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் சமாதானமும் வந்திருக்கும். குடும்பத்தோடு பிரெஞ்சுப் பூசைக்குப் போகத் தொடங்கினார். லக்சனா வளர்ந்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயக் கல்வி படித்து, அங்கேயே மண் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியம்மா போகும் அதே மேற்குத் திசை. பெரியம்மா ஒரு பஸ் முந்திப் போவார், பெறாமகள் ஒரு பஸ் பிந்திப் போவாள். செத்தவீடுகளில் சந்தித்தால் தலையாட்டிக்கொள்வார்கள். அவள் கதை எழுதுகிறாள் என்று எவரோ சொல்லக் கேட்டிருந்தார்.

அந்த ஒளிவிழாவுக்கு அடுத்த வருடம் இன்னொரு நடுவரான ஜெராட் தன் மகன் டினோஜனுக்கு முதற்பரிசு கொடுத்தார். பங்கு இரண்டு பட்டது. அதற்கடுத்த வருடம் செலீன் ரீச்சர் ஒரு விதி கொண்டுவந்தார். தன் சொந்தக்காரப் பிள்ளை மேடை ஏறினால் நடுவர் மேசையை விட்டு எழும்பிப் போய்ப் பின்சுவரோரம் நிற்கவேண்டும். அந்தப் பிள்ளை இறங்கிய பிறகுதான் திரும்ப வந்து கதிரையில் இருக்கலாம். இது ஜெராட்டுக்காக வந்த விதி என்று எல்லோரும் நினைத்தார்கள், ஜெராட்டும் அப்படியே நினைத்தார். செலீன் ரீச்சர் திருத்தவில்லை.

மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நூற்றிருபது குடும்பங்களுக்குள் சொந்தமில்லாத நடுவரைத் தேடுவது எப்படி என்பதை எவரும் யோசிக்கவில்லை. விழா முழுக்க நடுவர்கள் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார்கள். ஒரு வருடம் ஒரு பிள்ளைக்கு மூன்று நடுவரும் எழும்பிப் பின்சுவரோரம் போய் நின்றுவிட, மேசையில் எலுமிச்சம்பழ மணி மட்டும் இருந்தது. சாப்பாட்டுக்கு வந்திருந்த கியூபெக் பாதிரியாரைப் பிடித்து இருத்தினார்கள். அவருக்குத் தமிழில் வணக்கம் மட்டும் தெரியும். அவர் போட்ட புள்ளியைப் பற்றி இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

இப்போது முப்பத்தோராம் கதைக்கு வருவோம். அதில் வரும் பெரியம்மாவின் பெயர் ரெஜீனா. சிரித்தால் நேரம் வீணாகிவிடும் என்று பயப்படுகிறவர். பிள்ளை வரி மறந்து நிற்கும்போது, முகத்தைப் பார்க்காமல் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினொரு செக்கனுக்காக அவளைத் தோற்கடிக்கிறார். எல்லோரும் போனபின் மண்டபத்து ஜன்னலடியில் தனியாக நின்று பனியைப் பார்க்கிறார். கதை முடிகிறது.

அந்த வார இறுதியில் சாப்பாட்டு மேசையில் இரண்டாம் தரம் வாசித்தார். ஒரு எண்ணை எழுதினார். காரணம் எழுதும் இடத்தில் ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு வரி எழுதினார். தாளை மடித்து வைத்தார். எழுதிய எண் சரியானது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏன் நிச்சயமாகத் தெரிகிறது என்பதுதான் தெரியவில்லை. கதை நல்லது என்பதாலா, பிள்ளை தன்னுடையவள் என்பதாலா, பதினொரு வருடத்துக்கு முந்திய அந்த மூன்று புள்ளிக்குக் கழுவாயாகவா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஜெராட்டைத் தனியே பிடித்தார். ஜெராட் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எந்தக் கேள்விக்கும் நிதானமாக, எல்லாத் தரிப்பிலும் நின்று பதில் சொல்பவர்.

“ஜெராட் அண்ணை, ஒண்டு கேக்கிறன். டினோஜனுக்கு அண்டைக்கு முதலிடம் குடுத்தீங்களே, அவன் உண்மையா நல்லாப் பேசினவனோ?”

“இப்ப என்ன ரீச்சர், வழக்கைத் திரும்ப எடுக்கிறியளோ?”

“இல்லை, அறியத்தான்.”

ஜெராட் கோப்பையை வைத்தார். “நல்லாப் பேசினவன். சத்தியமாச் சொல்லுறன், அண்டைக்கு அவனைப்போல ஒருத்தரும் பேசேல்லை. நான் அப்பனில்லாட்டிலும் அவனுக்குத்தான் போட்டிருப்பன். ஆனா ஒருத்தரும் நம்புறேல்லை.”

“சனம் எதைத்தான் நம்பினது?”

“சனம் கிடக்கட்டும். அவனே நம்புறேல்லை. போன கிழமை வீடு மாறேக்க அந்தக் கிண்ணத்தை எடுத்து, ‘இது அப்பா தந்தது’ எண்டு பெட்டிக்கை போட்டான். வெண்டது எண்டு சொல்லேல்லை ரீச்சர். தந்தது எண்டு சொன்னான்.”

செலீன் ரீச்சர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார். “ஜெராட் அண்ணை, அந்த எழும்புற சட்டம் நான் உங்களுக்காகக் கொண்டுவரேல்லை.”

“பின்னை ஆருக்கு?”

“எனக்கு.”

ஜெராட் கோப்பையைத் திரும்ப எடுத்தார். “ஒம்பது வருசமாப் பழியை நானெல்லோ சுமந்தனான்,” என்றார். “ஒரு வடையாவது வாங்கித் தந்திருக்கலாம்.”

நடுவர்களின் கூட்டம் மார்ச் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், கணினித் திரையில். எல்லாம் ஆங்கிலத்தில். தொகுப்பாசிரியை டயான், வெர்மொண்டிலிருந்து கார்ல் என்ற நாவலாசிரியர், ஒஹாயோவிலிருந்து ஜூடித் என்ற பேராசிரியை, பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடிக் குசினியிலிருந்து செலீன் ரீச்சர். அவர் பின்னால் அந்தோனியார் படம் போட்ட நாட்காட்டி தெரிந்தது. ஒரு கதை உள்ளே போக மூவரில் இருவரின் வாக்கு வேண்டும்.

இரண்டு மணித்தியாலத்தில் பத்தொன்பது கதைகள் முடிவாயின. ஜன்னல் கதைகள் சில வெளியே போயின. தன் பேச்சுக்கு இவ்வளவு செல்வாக்கு இருக்கும் என்று செலீன் ரீச்சர் எதிர்பார்த்திருக்கவில்லை. மிஞ்சியது ஒரு இடம். அதற்கு இரண்டு கதைகள், பன்னிரண்டும் முப்பத்தொன்றும்.

கார்ல் முப்பத்தொன்றுக்காகப் பேசினார். நாற்பதில் தன்னை மறந்து வாசித்தது அதைத்தான் என்றார். ஜூடித்துக்குப் பன்னிரண்டு. முப்பத்தொன்றில் வரும் பெரியம்மா நம்பும்படியாக இல்லை, இவ்வளவு இறுக்கமான பெண் கதைகளில்தான் இருப்பாள் என்றார்.

“செலீன், உங்கள் வாக்கு,” என்றார் டயான்.

செலீன் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். இந்தக் கதையை எழுதியவர் என் தங்கையின் மகள், பெயர் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், எங்கள் வழக்கப்படி நான் இப்போது மேசையை விட்டு எழும்பவேண்டும் என்றார்.

திரையில் மூவரும் கொஞ்ச நேரம் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று செலீன் ரீச்சர் நினைத்தார். பிறகு கார்ல் சிரித்தார். அப்படிப் பார்த்தால் ஒன்பதாம் கதை என் பழைய மாணவனுடையது, முதல் பந்தியிலேயே தெரிந்துவிட்டது, நான் வாக்குப் போட்டேனே என்றார். ஜூடித் தனக்கு இரண்டு பேரைத் தெரிந்தது என்று ஒப்புக்கொண்டார். முப்பத்துமூன்று கோடிப் பேர் வாழும் நாட்டில் சிறுகதை எழுதுகிறவர்களெல்லாம் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள் என்பது செலீன் ரீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்சுவர்தான் அவர்களிடம் இல்லை.

டயான் மெதுவாகச் சொன்னார். “நீங்கள் வாக்களிக்காவிட்டால் ஒன்றுக்கு ஒன்று. தொடர்ந்து நடந்துவரும் வழக்கப்படி அப்போது என் வாக்கைப் போடுவேன். என் விருப்பம் பன்னிரண்டு. விளங்குகிறதா? உங்கள் பெறாமகளின் கதை வெளியே போகும்.”

“விளங்குகிறது,” என்றார்.

“வாக்களித்தால் உள்ளே வரலாம்.”

“அதுவும் விளங்குகிறது.”

அவர் எழும்பினார். கதிரையை மேசைக்குள் தள்ளினார். குசினியில் பின்சுவர் என்று சொல்ல இருந்தது குளிர்சாதனப் பெட்டிதான். அதனருகில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் மற்ற மூவருக்கும் ஒரு வெறுங்கதிரையும் அந்தோனியாரும் தெரிந்திருப்பார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன் செய்ததைத்தான் திரும்பவும் செய்கிறேனோ என்ற எண்ணம் அங்கே நிற்கும்போது வந்ததாகச் சொன்னார். நேர்மையானவள் என்ற பெயருக்காகப் பிள்ளையைத் திரும்பவும் நான்காவதாக்குகிறேனோ? மேசைக்குத் திரும்பிப் போக ஆறு அடி. ஒரு அடி எடுத்து வைத்தாராம். அப்போது டினோஜனின் கிண்ணம் ஞாபகத்துக்கு வந்ததாம்.

அந்த நேரம் பார்த்து அருமைநாதன் சந்தையிலிருந்து இரண்டு பையோடு உள்ளே வந்தார்.

“என்ன, மீற்றிங் முடிஞ்சுதே?”

“இல்லை. எழும்பி நிக்கிறன்.”

இருபது ஒளிவிழா பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. “ஆற்ற பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

“மெற்றில்டான்ரை. லக்சனா.”

அருமைநாதன் பைகளைக் கீழே வைத்தார். ஒன்றிலிருந்து ஒரு கத்தரிக்காய் உருண்டு போனது, எடுக்கவில்லை. செலீன் ரீச்சருக்குப் பக்கத்தில் வந்து தானும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முறைப்படி பார்த்தால் அவரும் சொந்தம்தானே.

பன்னிரண்டாம் கதை உள்ளே போனது. அது ஒரு ஏரிக்கரையில் முடியும் கதை.

புத்தகம் அக்டோபரில் வந்தது. முன்பக்கத்தில் மூன்று நடுவர்களின் பெயர்கள் இருந்தன. முன்னுரையில் டயான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு நடுவர் உறவு காரணமாக எழும்பிப் போய் ஒரு கதை முடிவாகும்வரை திரும்பி வரவில்லை என்று, பெயர் சொல்லாமல் இரண்டு வரி எழுதியிருந்தார். கடைசிப் பக்கங்களில், அந்த நாற்பதுக்குள் வராதவற்றையும் சேர்த்து, கவனத்துக்குரிய ஏனைய கதைகள் என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். நாற்பத்தாறாவது பெயர் லக்சனா.

எங்கள் பங்குக்கும் அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்காக்காரருக்குப் புள்ளி போட்டாராம் என்று பெருமையாகவும், சொந்தப் பிள்ளையைக் கவிழ்த்தாராம் என்று கவலையாகவும் ஒரே ஆட்கள் ஒரே நாளில் பேசினார்கள். மெற்றில்டா வழமைபோலப் பிரெஞ்சுப் பூசையில் இருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை காலை, செலீன் ரீச்சர் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அருமைநாதன் எடுத்துப் பார்த்துவிட்டு மனைவியின் காதில் பிடித்தார். ஒலிபெருக்கியை அழுத்தியிருந்தபடியால் இருவருக்கும் கேட்டது.

“பெரியம்மா, லக்சனா கதைக்கிறன்.”

“ஓம் பிள்ளை.”

“புத்தகத்திலை உங்கட பேர் கிடக்கு.”

“ஓம்.”

“ஒரு ஜட்ஜ் எழும்பிப் போனதெண்டு கிடக்கு. அது எனக்குத்தானே?”

“வேற ஆற்ற கதையிலை என்ர மணி வருது?”

லக்சனா நின்ற இடம் ஆய்வுகூடமாக இருக்கவேண்டும், பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றும் ஒலி கேட்டது.

“நீங்கள் எழும்பாமல் இருந்திருந்தா, என்ர கதை உள்ளுக்கு வந்திருக்குமோ?”

இந்தக் கேள்விக்கு ஏழு மாதமாகப் பல பதில்களைத் தயார்பண்ணி வைத்திருந்தார். கேள்வி வந்ததும் மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

“வந்திருக்கும்.”

“ஓ.”

“உனக்குக் கோபமா இருக்கும்.”

“இருக்கு,” என்றாள் லக்சனா. “எனக்கு அந்தப் புத்தகத்திலை வரவேணுமெண்டு அஞ்சு வருசமா ஆசை பெரியம்மா. அஞ்சு வருசம்.” பிறகு கேட்டாள். “நீங்கள் எத்தனை போட்டனீங்கள்?”

“எட்டு.”

“பத்துக்கோ?”

“பின்னை நூறுக்கே?”

“நீங்கள் எட்டுப் போடுறேல்லையே.”

“போட்டன். ரெண்டு குறைச்சனான். முடிவிலை அந்த மனிசியை ஜன்னலடியிலை விட்டிருக்கிறாய். அந்த மண்டபத்திலை எங்கை பிள்ளை ஜன்னல்? நிலத்துக்குக் கீழை. அதுக்கு ஒண்டு.”

“மற்றது?”

“பதினொரு செக்கன் எண்டு எழுதியிருக்கிறாய். பதினாலு.”

“பெரியம்மா, அது கதை.”

“கதையெண்டாலும் மணியைப் பாத்துக்கொண்டிருந்தது நானெல்லோ.”

மறுபக்கத்தில் சிரிப்பா, மூக்கை உறிஞ்சிய சத்தமா என்று அருமைநாதனுக்குச் சரியாகத் தெரியவில்லையாம்.

“அண்டைக்கு எனக்கு எத்தனை வந்திருக்கவேணும்?” என்று லக்சனா கேட்டாள். “அந்தப் பேச்சுக்கு.”

செலீன் ரீச்சர் மீன் கையைத் துடைத்தார். தொலைபேசியைத் தானே வாங்கிக்கொண்டார்.

“எட்டு வந்தது. நேரத்துக்கு ஒண்டு போக ஏழு. நான் அஞ்சு போட்டனான். சனம் ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு. நீ மறந்த இடத்திலை உன்ர வரி ஒண்டு சொன்னாயெல்லோ, அதை நான் கேட்டனான். மணியைப் பாத்துக்கொண்டிருந்தாலும் கேட்டனான்.”

இயந்திரம் நின்றுவிட்டது போல. அல்லது லக்சனா வெளியே வந்திருக்கவேண்டும்.

“அம்மாவுக்கு இதைச் சொல்லுவீங்களோ?”

“ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டு சொல்லு. பூசை முடிஞ்சு.”

“எந்தப் பூசை?”

“உங்கட பூசைக்கே வாறன். எனக்குப் பிரெஞ்சு விளங்காது. இருந்து எழும்பத் தெரியும்.”

லக்சனா ஒருவழியாகச் சிரித்தாள். “பெரியம்மா, நான் இப்ப வேறை ஒண்டு எழுதுறன். அனுப்பட்டோ?”

“அதெப்பிடி. நான் சொந்தக்காரி.”

“அப்ப எழும்பி நிண்டு வாசியுங்கோ.”

கதை திங்கட்கிழமை வந்தது, தாளில், பத்தொன்பது பக்கம். அருமைநாதன் வேலை முடிந்து வந்தபோது செலீன் ரீச்சர் குளிர்சாதனப் பெட்டியோடு சாய்ந்து நின்று பதினாலாம் பக்கத்தில் இருந்தாராம். கால் நோகவில்லையோ, கதிரை சும்மாதானே கிடக்கு என்று இவர் கேட்டாராம். “சத்தம் போடாதையுங்கோ,” என்றாராம் அவர், தலையை நிமிர்த்தாமல். “பிள்ளை இன்னும் இறங்கேல்லை.”